வாசகர் கேள்விகள்: பெயர் எலிசபெத், பட்டா ஜான் பேரில்

போன மாதம் கம்பளி பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, சிட்னிக்கு மேற்கே பரமட்டா ஆற்றுப் பக்கம் இருக்கும் எலிசபெத் ஃபார்ம் என்ற பழைய வீட்டை ஒரே வரியில் தொட்டுவிட்டுப் போனேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதமா! சரி, இந்த மாதம் முழுக்க அந்த வீடுதான். மற்ற கேள்விகளை அனுப்பியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: சார், பேரன் பிறந்ததற்காக இங்கே வந்து மூன்று மாதம் ஆகிறது. முருகன் கோயில், ஹாரிஸ் பார்க் மளிகைக்கடை, இதைத் தாண்டி ஒன்றுமே பார்க்கவில்லை என்று புலம்பியதால் மருமகள் ஒரு பழைய வீட்டுக்குக் கூட்டிப்போனாள். தாழ்ந்த கூரை, முன்னால் நீளமாகத் தாழ்வாரம். உள்ளே கயிறு கட்டித் தடுக்கவில்லை, தொடாதே என்று போர்டும் இல்லை, அங்கிருந்த பெண் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்கிறார். அத்தனை பழைய நாற்காலி, நான் உட்கார்ந்து ஒடிந்தால் என் பையன் தலையில் அல்லவா விடியும்? நின்றுகொண்டே பார்த்துவிட்டு வந்துவிட்டேன். யார் வீடு அது? நிஜமாகவே 230 வருஷத்து வீடா?
(வாசகி, ஸ்ரீரங்கம், இப்போது வெஸ்ட்மீட்)

ப: தாராளமாக உட்கார்ந்திருக்கலாம் அம்மா. வீடுதான் பழசு, உள்ளே இருக்கும் சாமான்கள் பெரும்பாலும் அந்தக் காலத்து மாதிரியில் புதிதாகச் செய்து போட்டவை. அதனால்தான் கயிறும் இல்லை, கண்ணாடிப் பெட்டியும் இல்லை. மேஜை இழுப்பறையைக்கூடத் திறந்து பார்க்கலாம். நான் போன அன்று நல்ல மழை, வேறு ஆளே இல்லை, அந்தத் தாழ்வாரத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் எழுப்பவில்லை.

யார் வீடு என்றால், ஜான் மெக்கார்தர் என்ற ராணுவ லெப்டினன்டும் அவர் மனைவி எலிசபெத்தும் கட்டிய வீடு. இங்கிலாந்து தன் கைதிகளைக் கொண்டுவந்து இங்கே குடியேற்றத் தொடங்கிய புதிதில், 1790 ஜூனில் இரண்டாவது கப்பல் கூட்டத்தில் வந்து இறங்கியவர்கள். அந்தக் கப்பல்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது: இங்கிலாந்திலிருந்து கைதிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியதில் வழியிலேயே ஏறக்குறைய நாலில் ஒருவர் செத்துப்போனார்கள். எலிசபெத்துக்கு அப்போது 23 வயது, கையில் ஒரு சின்னப் பையன், வயிற்றில் இன்னொன்று. கடலிலேயே பிறந்த அந்தப் பெண் குழந்தை பிழைக்கவில்லை. கரையில் இறங்கிப் பார்த்தால் நாலு குடிசையும் கூடாரமும், படித்த பெண் என்று பேச்சுத்துணைக்கு ஓர் ஆள் கிடையாது. முதல் கப்பல் கூட்டத்தில் வந்த மருத்துவர் வோர்கன் கூடவே ஒரு பியானோவைக் கொண்டுவந்திருந்தார். அவரிடம் எலிசபெத் வாசிக்கக் கற்றுக்கொண்டார், அவர் ஊர் திரும்பும்போது பியானோவை இந்தப் பெண்ணுக்கே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்த மண்ணில் இறங்கிய முதல் பியானோ அதுதான்.

1793-இல் ஜானுக்கு நூறு ஏக்கர் நிலம் இனாமாகக் கிடைத்தது. கொடுத்தவர் அவருடைய ராணுவ மேலதிகாரியே, அப்போது கவர்னர் ஊரில் இல்லாததால் ஆட்சியும் அவர் கையில் இருந்தது. வேண்டியவருக்கு வேண்டியதைக் கொடுப்பதற்கு எந்த ஊரானால் என்ன. ஜான் பண்ணைக்கு மனைவி பெயரை வைத்தார். அழகான காரியம்தான். ஆனால் அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி கல்யாணமான பெண்ணுக்கென்று தனிச் சொத்து கிடையாது, எல்லாம் புருஷனுடையது. ஆகப் பெயர் எலிசபெத், பட்டா ஜான் பேரில். இந்த வீட்டைப் பற்றி எதைப் படித்தாலும் எனக்கு முதலில் இதுதான் மனதில் வரும்.

வீட்டு அளவை ஜானே ஊருக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார்: முகப்பு 68 அடி, அகலம் 18 அடி, மாடி இல்லை, நாலு அறை, ஒரு பெரிய கூடம், அலமாரி அறைகள், நிலவறை. பெருக்கிப் பாருங்கள், 1224 சதுர அடி. இன்றைக்குச் சென்னையில் ஒரு சுமாரான ஃபிளாட். ஆனால் சுற்றிலும் மண் சுவரும் மரப்பட்டையுமாகக் குடிசைகள் இருந்த இடத்தில் செங்கல் வீடு என்பது எப்படிப் பட்டிருக்கும் என்று யோசியுங்கள்.

நீங்கள் பார்த்தது அப்படியே அந்த வீடா என்றால், இல்லை. அது உள்ளே ஒளிந்திருக்கிறது. நம் ஊரில் தாத்தா கட்டிய இரண்டுகட்டு வீட்டில் அப்பா ஒரு அறை இழுப்பார், பையன் முன்பக்கத்தை இடித்து கிரில் வைப்பான் இல்லையா, அதே கதை. 1820-களில் ஜானுக்குக் கையில் பணம் புரண்டபோது சாப்பாட்டு அறையையும் வரவேற்பறையையும் பெரிதாக்கி, நீளமான கண்ணாடிக் கதவுகள் வைத்து, இந்தியாவில் வெள்ளைக்காரர்கள் கட்டிக்கொண்டிருந்த பங்களா சாயலில் தாழ்வாரமும் தாழ்ந்த கூரையுமாக வீட்டின் முகத்தையே மாற்றிவிட்டார். உங்களுக்கு அந்தத் தாழ்வாரம் ஊர் ஞாபகத்தைக் கிளப்பியிருந்தால் அது தற்செயல் இல்லை. வராண்டா என்ற சொல்லே இந்தியா வழியாக ஆங்கிலத்துக்குள் போனதுதான்.

இப்போது எலிசபெத் அம்மாள் விஷயம். ஜான் மகா முன்கோபி. 1801-இல் தன் மேலதிகாரியோடு துப்பாக்கிச் சண்டை போட்டு அவர் தோளில் சுட்டுவிட்டார், விசாரணைக்கென்று இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள், திரும்பி வர 1805 ஆயிற்று. வந்தவர் சும்மா இருந்தாரா? 1808 ஜனவரி 26-ஆம் தேதி கவர்னர் பிளையை ராணுவம் கைது செய்து பதவியிலிருந்து இறக்கியது. அந்த வேலைக்குப் பின்னால் இருந்த முக்கியமான மூளை இவருடையது. அடுத்த வருஷமே மறுபடி கப்பலேறினார், 1817 வரை திரும்ப முடியவில்லை. இரண்டையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 12 வருஷம். அத்தனை காலமும் நிலம், மந்தை, கைதி வேலையாட்கள், கணக்கு வழக்கு எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்தவர் எலிசபெத். ஒன்பது பிள்ளை பெற்று ஏழு தங்கியது, அதையும் பார்த்துக்கொண்டுதான். ஜான் அங்கிருந்து கடிதம் கடிதமாக யோசனை எழுதுவார், அது கப்பலில் வந்து சேர ஐந்தாறு மாதம் ஆகும், அதற்குள் இங்கே ஆடு குட்டி போட்டு, ரோமம் கத்தரித்து, விற்றும் முடிந்திருக்கும்.

கடைசியில் நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. 1832 வாக்கில் ஜானுக்குச் சித்தம் கலங்கியது. மனைவி தனக்குத் துரோகம் செய்துவிட்டதாகச் சந்தேகப்பட்டு, அவர் பெயரையே தாங்கி நிற்கும் அந்த வீட்டுக்குள் அவரை வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். நாற்பது வருஷம் இருந்த வீடு. அடுத்த வருஷம் ஜானை கேம்டன் என்ற ஊரிலிருந்த அவர்களுடைய இன்னொரு பண்ணைக்குக் கொண்டுபோனார்கள், 1834-இல் அங்கேயே இறந்தார். எலிசபெத் மறுபடி இந்த வீட்டுக்கு வந்தார். 1850-இல் அவர் சாகும்வரை பெரும்பாலும் இங்கேதான் இருந்தார், பிறந்த ஊரான டெவனுக்கு ஒரு தடவைகூடத் திரும்பிப் போகவே இல்லை. அடுத்த முறை போகும்போது வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்று அந்தக் கதவைப் பாருங்கள் அம்மா.

கே: 230 வருஷம் எல்லாம் ஒரு பழமையா? எங்கள் ஊர்க் கோயில்கள் ஆயிரம் வருஷம் தாண்டியவை. நேற்று கட்டிய வீட்டுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பதும் அதைப் பத்திரிகையில் எழுதுவதும் வேடிக்கையாக இல்லையா?
(வாசகர், கும்பகோணம்)

ப: கோயில் சரி. வீடு? காவேரிக்கரையில் உங்கள் தெருவில் 1793-இல் கட்டி இன்றைக்கும் நிற்கும் வீடு ஒன்றைக் காட்டுங்கள், அடுத்த ரயிலில் வருகிறேன். நாம் கோயிலைக் கருங்கல்லில் கட்டினோம், குடியிருந்த வீட்டை மண்ணிலும் மரத்திலும் கட்டினோம், முடிந்தபோது இடித்தோம். பெருமையாகக் காட்டுகிறோமே செட்டிநாட்டு வீடுகள், அவற்றில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எழுந்தவைதான். இந்த வீட்டுக்கு ஆறு வயது ஆனபோது கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், பழமை கொஞ்சம் கூடிவிடும்.

இன்னொன்று. அந்த வீடு யாரோ பெரிய மனசு வைத்துக் காப்பாற்றியதால் தப்பவில்லை, யாரும் கண்டுகொள்ளாததால் தப்பியது. 1881-இல் குடும்பம் நிலத்தோடு விற்றுவிட்டது, வாங்கியவர் மனை போட்டார், வீடு வாடகைக்கு விட்டு விட்டுச் சிதிலமானது. கையில் காசிருந்த யாராவது வாங்கியிருந்தால் இடித்துவிட்டுப் புதுசு கட்டியிருப்பார்கள். 1904-இல் ஸ்வான் என்ற குடும்பம் வாங்கிக் குடியேறியது. அவர்களும் பெரிதாக எதையும் மாற்றவில்லை, 1968 வரை அப்படியே குடியிருந்தார்கள். அதற்கப்புறம் ஒரு அறக்கட்டளை, பிறகு மாநில அரசு, பழுதுபார்ப்பு, 1984-இல் அருங்காட்சியகம். மெக்கார்தர் குடும்பம் இருந்தது தொண்ணூறு வருஷத்துக்குள், ஸ்வான் குடும்பம் 64 வருஷம். ஆனால் அறிவிப்புப் பலகையில் யார் பெயர் பெரிசு என்று சொல்லத் தேவையில்லை.

கே: ஹாரிஸ் பார்க்கில் பத்து வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். அந்த ஹாரிஸ் யார்? மெக்கார்தருக்கு உறவா?
(வாசகர், டூங்காபி)

ப: உறவில்லை, பக்கத்துக் காட்டுக்காரர், அதே படைப்பிரிவு. ஜான் ஹாரிஸ் என்ற ராணுவ மருத்துவர், அவரும் 1790-இல் வந்தவர். அதற்கு முன்னால் பல வருஷம் இந்தியாவில் கப்பற்படை மருத்துவராக இருந்திருக்கிறார். இன்றைக்கு விக்ரம் தெருவில் தோசைக்கும் ஜிலேபிக்கும் வரிசை நிற்கிறது, அதைக் குட்டி இந்தியா என்று 2023-இல் பிரதமர்களே மேடையேறிச் சொன்னார்கள். இந்தியாவில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒரு மருத்துவரின் பெயர்தான் அந்தப் பேட்டைக்கு என்பதை உங்கள் கடைக்கு வருபவர்களிடம் சொல்லுங்கள், ஒரு காபியாவது அதிகம் விற்கும். நம் ஊர்ப் புள்ளிமானைக் கொண்டுவந்து ஆஸ்திரேலியாவில் விட்டவரும் இவர்தான்.

ஹாரிஸின் அந்த நிலத்துக்கு இன்னொரு கதை உண்டு. முதலில் அது ஜேம்ஸ் ரூஸ் என்ற முன்னாள் கைதியுடையது. ஒருவன் தன் சாப்பாட்டுக்குத் தானே பயிர் செய்துகொள்ள எவ்வளவு நாள் ஆகும் என்று பார்க்கத்தான் 1789-இல் கவர்னர் ஃபிலிப் அவரை அங்கே உட்காரவைத்தார், 1791-இலேயே எனக்கு இனி அரசாங்க ரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் ரூஸ். பரிசாக முப்பது ஏக்கர். இரண்டே வருஷத்தில், 1793-இல், நாற்பது பவுண்டுக்கு ஹாரிஸிடம் விற்றுவிட்டுப் போய்விட்டார். அங்கே நிற்கும் எக்ஸ்பெரிமென்ட் ஃபார்ம் காட்டேஜ் என்ற வீடு ஹாரிஸ் கட்டியது. ரொம்ப நாள் அதை 1790-களில் கட்டியது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள், இப்போது 1835 வாக்கில் என்கிறார்கள். பழைய வீடுகளுக்கும் சினிமா நடிகைகளுக்கும் வயது விஷயத்தில் ஒரு ஒற்றுமை, ஆனால் வீடுகள் எதிர்த்திசையில் பொய் சொல்லும்.

ஹாரிஸ் கதையில் எனக்குப் பிடித்தது இது. 1803-இல் அவர்மேல் ராணுவ விசாரணை வந்தது. குற்றப் பத்திரிகை எழுதினவர் இந்த மாதம் என்று எழுத வேண்டிய இடத்தில் போன மாதம் என்று பொருள்படும் அல்டிமோ என்ற சொல்லைப் போட்டுவிட்டார். அந்த ஒரு வார்த்தைப் பிழையில் ஹாரிஸ் தப்பித்தார், சிட்னியில் தனக்கிருந்த தோட்டத்துக்கு அல்டிமோ என்றே பெயர் வைத்தார். இன்றைக்கும் அந்தப் பேட்டைக்கு அதே பெயர்தான்.

கே: முதல் குடியேறிகள், முதல் வீடு என்று எழுதுகிறீர்கள். அந்த நூறு ஏக்கர் அதற்கு முன்னால் யாருடையது? அதைச் சொல்லாமல் விட்டது உங்களுக்கே சரியாகப் படுகிறதா?
(வாசகி, பிளாக்டவுன்)

ப: படவில்லை. ஒரு வரிதானே என்று விட்டேன், விட்டிருக்கக் கூடாது. புர்ரமட்டகல் என்ற பூர்வகுடி மக்களுடைய இடம் அது. பரமட்டா என்ற ஊர்ப் பெயரே அவர்கள் சொல்லிலிருந்து வந்ததுதான், விலாங்கு மீன் படுத்திருக்கும் இடம் என்று பொருள் சொல்வார்கள். கடல் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் கலக்கும் இடம், மீனுக்குக் குறைவிருந்திருக்காது. அந்த ஊர் ரக்பி அணிக்கு ஈல்ஸ், அதாவது விலாங்குகள், என்று பெயர் இருப்பதும் அதனால்தான். வந்தவர்கள் 1788-இல் ரோஸ் ஹில் என்று பெயர் வைத்தார்கள், 1791-இல் அவர்களே பழைய பெயருக்குத் திரும்பினார்கள். பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள், நிலத்தைக் கொடுக்கவில்லை.

சும்மா விட்டுவிட்டுப் போகவும் இல்லை அந்த மக்கள். பெமுல்வுய் என்ற வீரர் பன்னிரண்டு வருஷம் எதிர்த்து நின்றார். 1797-இல் பரமட்டாவுக்குள்ளேயே நடந்த மோதலில் உடம்பில் ஏழு குண்டுத் துகள்கள் பாய்ந்து பிடிபட்டார், காலில் பூட்டிய இரும்போடு தப்பித்தார். 1802-இல் சுட்டுக் கொன்றார்கள்.

இதில் ஒரு விசித்திரம். அவர் மகன் டெட்பரி எலிசபெத் ஃபார்முக்கு அடிக்கடி வந்துபோகிறவர். 1808-இல், கவர்னர் பிளையின் பதவி போவதற்குச் சற்று முன், அவர் ஜானைக் கைது செய்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் ஈட்டிகளோடு வந்து நின்றாராம், எதற்கு என்றால் கவர்னரைக் குத்த வந்திருக்கிறேன் என்றாராம். தகப்பனைக் கொன்றது கவர்னரின் ஆட்சி, நிலத்தில் வீடு கட்டியவர் மெக்கார்தர், பையன் ஒருவனுக்காக இன்னொருவனைக் குத்தக் கிளம்புகிறான். நட்பா, கணக்குத் தீர்க்க வேறு வழியா? படிக்கும்போதெல்லாம் ஒவ்வொரு விதமாகத் தோன்றுகிறது.

கே: நான் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். சென்ற இதழில் 'ஆஸ்திரேலியாவுக்கு முதன்முதலில் ஆடு கொண்டுவந்தவர் மெக்கார்தர்' என்று எழுதியிருந்தீர்கள். தவறு. திருத்தம் வெளியிடவும்.
(வாசகர், நாமக்கல்)

ப: தவறுதான் டாக்டர், ஒப்புக்கொள்கிறேன். 1788-இல் வந்த முதல் கப்பல்களிலேயே செம்மறி ஆடுகள் வந்துவிட்டன, பெரும்பாலும் கறிக்காக. நயமான ரோமத்துக்குப் பேர்போன மெரினோ ஆடும் அவர் கொண்டுவந்ததில்லை. 1797-இல் கேப்டன் வாட்டர்ஹவுஸ் தென்னாப்பிரிக்காவின் கேப்பிலிருந்து கப்பலில் ஏற்றி வந்தார், அதில் சிலவற்றை மெக்கார்தர் வாங்கினார், அவ்வளவே. உங்களுக்குப் பிடிக்கும் ஒரு தகவல் சொல்கிறேன். அதற்கு முன் 1794-இல் அவர் வாங்கிய மந்தை கல்கத்தாவிலிருந்து வந்த அறுபது வங்காளச் செம்மறிகளும் குட்டிகளும். அதோடு அயர்லாந்து ஆடுகளைக் கலந்தபோது குட்டிகளுக்கு முரட்டு முடியும் கம்பளி ரோமமும் கலந்து வளர்ந்ததைப் பார்த்துத்தான் ரோமத்தை மெருகேற்றலாம் என்ற யோசனையே அவருக்கு வந்ததாம். ஆக ஆஸ்திரேலியக் கம்பளியின் தொடக்கத்தில் நம் பக்கத்து ஆடும் ஒரு கால் வைத்திருக்கிறது.

1805-இல் இங்கிலாந்து ராஜாவின் மந்தையிலிருந்து ஏலத்தில் எடுத்த சில மெரினோக்களோடும், 5,000 ஏக்கருக்கான உத்தரவோடும் ஜான் திரும்பினார். அப்புறம் மறுபடி நாடுவிட்டுப் போனபோது அந்த மந்தையைப் பெருக்கியவர் யார் என்று முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன். 1966-இல் அச்சடித்த இரண்டு டாலர் நோட்டில் ஒரு ஆடும் ஜானும் இருந்தார்கள். எலிசபெத் இல்லை. ஆட்டுக்குக் கிடைத்த இடம்!

கே: அந்த வீட்டுத் தோட்டத்தில் ஆலிவ் மரம் காய்த்துத் தொங்குகிறதாமே. ஊறுகாய் போடப் பறித்துக்கொள்ளலாமா?
(வாசகி, பெண்டில் ஹில்)

ப: வேண்டாம். அந்த நாட்டின் மிகப் பழைய ஆலிவ் மரங்களில் ஒன்று அது, பார்த்தால் விடமாட்டார்கள். தவிர, மரத்திலிருந்து பறித்து அப்படியே கடித்தால் வேப்பங்காய்க்குத் தம்பி, பல நாள் உப்புத் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்தால்தான் வாயில் வைக்க முடியும். நெல்லிக்காயே போடுங்கள். வீட்டைப் பார்க்கப் போவதாக இருந்தால் எல்லா நாளும் திறந்திருக்காது, கிளம்புவதற்கு முன் நாள் விசாரித்துக்கொள்ளுங்கள். ஹாரிஸ் பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கும் தூரம்தான்.